கஸ்தூரிக்கு மட்டும் வந்த கடிதங்கள்

அத்தியாயம் 11

மனோகரன் லேத் பட்டறை வேலையை விட்டாயிற்று. வெள்ளிக்கிழமை பம்பாய், அங்கிருந்து ஜெர்மனிக்கு விமானம். போன வாரம் முழுக்க ஆவடி குவார்ட்டர்ஸில் இதுதான் பேச்சு. அண்ணன் குணசேகரன் போய் ஏழு மாதம் ஆகிறது, இப்போது தம்பியுமா, ஒரு வீட்டுக்கு இரண்டு ஜெர்மன்காரர்கள் கேட்குதா என்று பால் ஊற்ற வரும் எல்லம்மாகூடக் கேலி செய்துவிட்டுப் போனாள்.

எல்லோரும் சிரித்தார்கள். குணசேகரனின் மனைவி கஸ்தூரியும் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்ச் சும்மா நின்றாள்.

நான்கு மாதமாக அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. மனோகரன் கிளம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்வாள். இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டுதான் அந்தச் செவ்வாய்க்கிழமையும் வேலைக்குக் கிளம்பினாள்.

தொண்ணூற்றிரண்டு செப்டம்பர். வெயில் இன்னும் சித்திரை போலத்தான் அடித்தது.

ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் கஸ்தூரிக்குச் செக்கிங் வேலை. அப்பா சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனதால் கிடைத்த வேலை. குவார்ட்டர்ஸும் அவள் பேரில்தான். கல்யாணமானதும் குணசேகரன், தம்பி மனோகரனையும் தங்கை லோகநாயகியையும் கூட்டிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டான். பெண்டாட்டி வீட்டோடு போய்விட்டான் என்று சொந்தக்காரர்கள் பேசியதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பத்து மணி டீ வேளையில் பஞ்சவர்ணம் பேப்பரோடு வந்தாள். செக்‌ஷனில் சத்தமாகப் பேப்பர் படிப்பவள் அவள்தான். அன்றைக்குச் சத்தமாகப் படிக்கவில்லை. கஸ்தூரியின் பக்கத்தில் உட்கார்ந்து நாலாம் பக்கத்தின் கீழ் மூலையை விரலால் காட்டினாள்.

ஜெர்மனியில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிக்குத் தீவைப்பு. சனிக்கிழமை இரவு ஒரு கும்பல் கல்லும் பெட்ரோல் பாட்டிலும் வீசியது. ஆசிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் தங்கியிருந்தனர். இருவர் கவலைக்கிடம். அவ்வளவுதான் செய்தி. ஊரின் பெயரைத் தப்பும் தவறுமாக அச்சடித்திருந்தார்கள். ஆனால் ஏழு மாதமாக அந்தப் பெயரை உறையின் மேல் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு அது போதும்.

உங்க வீட்டுக்காரர் இருக்கிற ஊரா என்று பஞ்சவர்ணம் மெதுவாகக் கேட்டாள்.

கஸ்தூரி எழுந்தாள். கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தாள். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். மெயின் கேட்டைத் தாண்டித் தார் ரோட்டில் கால் சுட்ட பிறகுதான் செருப்பை செக்‌ஷன் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

வீட்டில் மனோகரன் பர்மா பஜாரில் வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தெல்லாம் வேர்வை. லோகநாயகி டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போகாமல் அவனுடைய பெட்டியில் ஊறுகாய் பாட்டிலை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. வெளிநாடு போகும் பெட்டியை அடுக்குவது அவளுக்குத் திருவிழா.

கஸ்தூரி பேப்பரை நீட்டினாள். மனோகரன் படித்தான். இரண்டாம் தரமும் படித்தான்.

அது வேறு ஊராக இருக்கும் என்றான். ஜெர்மனியில் ஆயிரம் விடுதி இருக்கும் என்றான். அண்ணன்தான் எழுதியிருக்கிறாரே, அங்கே தங்கமான ஜனங்கள், ரோட்டில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கேக் கொண்டு வந்து கொடுக்கிறார்கள் என்று. அந்தக் கடிதங்கள் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருந்தன. லோகநாயகி உரக்கப் படிக்க, பக்கத்து பிளாக்கில் இருந்தெல்லாம் வந்து கேட்டுவிட்டுப் போன கடிதங்கள்.

"அதெல்லாம் வீட்டுக்கு எழுதினது மனோ," என்றாள் கஸ்தூரி. "எனக்குத் தனியா எழுதுவாரு. ஃபேக்டரி அட்ரசுக்கு."

பீரோவைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்து ஒன்பது கடிதங்களை எடுத்துக் கொடுத்தாள்.

மனோகரன் ஸ்வெட்டரைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து படித்தான். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு லோகநாயகியிடம் கொடுத்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் குணசேகரன் ஃபிட்டராக இருந்த கம்பெனி, கிழக்கு ஜெர்மனியில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் பழைய மெஷின்களை மொத்தமாக வாங்கியிருந்தது. அவற்றைக் கழற்றி, பெட்டியில் கட்டி, கப்பல் ஏற்றத்தான் ஆறு பேரை அனுப்பினார்கள். அந்தத் தொழிற்சாலை மூடியதில் ஊரில் பாதிப் பேருக்கு வேலை போயிருந்தது. தங்கள் சோற்றைக் கழற்றி எடுத்துப் போக வந்தவர்கள் என்றுதான் அந்த ஊர் இவர்களைப் பார்த்தது.

ரொட்டிக் கடைக்காரி எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் தனக்குக் கொடுப்பாள், சில்லறையைக் கையில் தராமல் மேஜையில் தள்ளுவாள் என்று எழுதியிருந்தான். டிராமில் தன் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே வரும். ஒரே தெருவில் ஒரே போலீஸ்காரர் மூன்று தடவை நிறுத்திப் பாஸ்போர்ட் கேட்டார், மூன்றாம் தடவை சிரித்துக்கொண்டே கேட்டார். அதே மெஷினில் அதே வேலை செய்யும் உள்ளூர்க்காரர்களுக்குக் கையுறையும் இரும்பு முனை வைத்த பூட்ஸும் உண்டு, இவர்களுக்குக் கேட்டால் அடுத்த வாரம். சாப்பிடும் ஹாலில் இவர்களுக்கும், முன்பே அங்கே கூலிக்கு வந்திருந்த வியட்நாம்காரர்களுக்கும் கதவோரம் தனி மேஜை. ஜூன் மாதம் ஒரு ராத்திரி ஜன்னலில் கல் விழுந்தது. அதிலிருந்து கட்டில்களைச் சுவர்ப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு படுக்கிறோம் என்றும் எழுதியிருந்தான்.

ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் ஒரே வரி. வீட்டில் சொல்லாதே.

ஏன் என்று ஒரு கடிதத்தில் மட்டும் எழுதியிருந்தான். 'குவார்ட்டர்ஸில் என்னை ஜெர்மன்காரர் என்கிறார்கள். இங்கே என்னை ஒரு ஆளாகவே யாரும் பார்ப்பதில்லை என்று தம்பிக்குத் தெரிந்தால் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்? நான் அவமானப்பட்டதைவிட அது தெரிவதுதான் வெட்கமாக இருக்கிறது.'

கடைசிக் கடிதம் ஆகஸ்டில் வந்தது. கம்பெனி தம்பியை இரண்டாவது கோஷ்டியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், ஏதாவது காரணம் சொல்லி அவனை நிறுத்திவிடு என்று அதில் இருந்தது.

மனோகரன் அதைப் படித்து முடித்து மடித்தான். மடிப்பு சரியாக வரவில்லை. மறுபடி பிரித்து மடித்தான்.

"இன்னா அண்ணி இது," என்றான். "நான் வேலைய விட்டப்பகூட சொல்லலியே நீங்க."

கஸ்தூரி நின்றுகொண்டே இருந்தாள். அவர் சொல்ல வேண்டாம் என்றார் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மைதான். மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நிறுத்தணும்னுதான் இருந்தேன். ஆனா நீ அங்க போனா அவருக்கு ஒரு துணை ஆச்சேன்னு நெனச்சேன் மனோ. தனியா கல்லடி படறதுக்கு, கூட ஒருத்தன் இருந்தா தேவலைன்னு. உன்னைப் பத்தி நெனைக்கலை."

லோகநாயகி நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். மனோகரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே யாரோ குழாயடியில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது.

"அத்த மொதல்லயே சொல்லியிருந்தா," என்றான் மனோகரன், "அதுக்கோசரமே போயிருப்பேனே அண்ணி."

அவன் எழுந்து ஸ்வெட்டரைக் கழற்றிக் கட்டிலில் போட்டான். கம்பெனிக்குப் போகலாம், அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது என்றான். ஃபோன் வந்தால் எடுக்க ஒரு ஆள் வேண்டும். குணசேகரன் எப்போது கூப்பிட்டாலும் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு எதிரே பஷீருதீன் பாயின் எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் கூப்பிடுவான். லோகநாயகியை அங்கே உட்காரச் சொல்லிவிட்டு இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். கஸ்தூரி லோகநாயகியின் செருப்பைப் போட்டுக்கொண்டாள். அது சிறியது. குதிகால் வெளியே நின்றது.

மின்சார ரயிலில் நல்ல கூட்டம். பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்குள் நடந்தார்கள். கம்பெனி கேட்டில் கூர்க்கா மனோகரனைப் பார்த்ததும் வெள்ளிக்கிழமை பயணம்தானே என்று சிரித்து உள்ளே விட்டான்.

மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். ஒரு மணி நேரம் இருந்தார். பிறகு சாப்பிடப் போய்விட்டார். பேப்பர் செய்தியைப் பற்றிக் கேட்டதற்கு, பேப்பர்காரன் ஆயிரம் எழுதுவான், எங்களுக்கு எந்தத் தகவலும் வரவில்லை, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், நீங்கள் பயணத்துக்கு ஆக வேண்டியதைப் பாருங்கள் என்று வேறொருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். தகவல் வரவில்லை என்றால் நன்றாக இருப்பது எப்படித் தெரியும் என்று கஸ்தூரி கேட்டாள். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டும்போது பின்னாலேயே ஒருவர் வேகமாக வந்தார். ஜேம்ஸ், பர்சனல் டிபார்ட்மென்ட் கிளார்க். குணசேகரனோடு பத்து வருடம் ஒரே கான்டீனில் சாப்பிட்டவர். கல்யாணத்துக்கு வந்து மூன்று நாள் பந்தி பரிமாறியவர்.

சைக்கிளைப் பூட்டுவதுபோலக் குனிந்துகொண்டே பேசினார். திங்கட்கிழமை காலையிலேயே ஃபேக்ஸ் வந்துவிட்டது. இரண்டாவது கோஷ்டி பயந்து நின்றுவிடும் என்று மேலே இருப்பவர்கள் வாயைத் திறக்கவில்லை. எரிந்தது இவர்கள் தங்கிய விடுதிதான். தப்பியவர்களை ஒரு பள்ளிக்கூட ஹாலில் படுக்க வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் ஃபேக்ஸில் இருக்கின்றன.

"நம்ம ஆளுங்க ஆறு பேர்ல நாலு பேர் பேருதான் இருக்கும்மா," என்றார் ஜேம்ஸ். "குணா பேரும், சேலத்துக்காரர் சின்னப்பையன் பேரும் இல்ல."

இருவர் கவலைக்கிடம் என்று பேப்பரில் இருந்ததை மூன்று பேரும் நினைத்தார்கள். 

ஜேம்ஸ் ஏதோ ஆறுதல் சொல்ல வந்து, முடியாமல், கர்த்தர் கைவிட மாட்டார் என்று மட்டும் சொல்லி, உள்ளே போய்விட்டார். கஸ்தூரி அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அவர் கதவைத் தாண்டிவிட்டார்.

திரும்பி வரும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. மனோகரன் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துவிட்டு நின்றான். திருமுல்லைவாயல் வந்தது, அண்ணனூர் வந்தது. ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதும்போது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னும் நாலே மாதம்தானே என்று தான் எழுதியதுதான் அவளுக்கு ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கலாம். ஒரே வார்த்தை. எழுதவில்லை.

பூத் வாசலில் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பஷீருதீன் பாய் கதவை ஒருக்களித்துச் சாத்தி வைத்திருந்தார். லோகநாயகி மத்தியானம் பன்னிரண்டு மணியில் இருந்து ஃபோனுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு லைனில் ஒன்று நான்கு நாளாக ரிப்பேர். இருக்கிற ஒரே லைனை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று பாய் முடிவு செய்துவிட்டார்.

வெளியே நின்ற ஒருவர் முணுமுணுத்தார். பாய் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் போய்விடுவார் என்று பார்த்தால் போகவில்லை. மற்றவர்களும் போகவில்லை.

பாயின் தம்பி சவுதியில், தம்மாமில் டிரைவர். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் அம்மா மவுத்தாகி அடக்கத்துக்கு வரக்கூடத் தரவில்லை. இதை அவர் எப்போதோ ஒரு தடவை சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. கஸ்தூரிக்கு ஒரு நாற்காலியைப் போட்டு, "உக்காரும்மா தங்கச்சி, வரும்," என்றார்.

நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பக்கத்து டீக்கடையில் இருந்து டீ வந்தது, ஆறிப்போனது. குவார்ட்டர்ஸில் இருந்து நாகவல்லி அக்கா வந்து கஸ்தூரியின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். காலையில் இருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்று அவள் கேட்டதற்குக் கஸ்தூரி தலையை மட்டும் அசைத்தாள். அது ஆமாவா இல்லையா என்று யாருக்கும் புரியவில்லை.

ஐந்து பத்துக்கு ஃபோன் அடித்தது. நீளமான மணி, வெளிநாட்டு மணி. எடுக்க வேண்டியவள் லோகநாயகி. அவள் எழுந்து விலகி நின்றாள். மனோகரன்தான் எடுத்து அண்ணியின் காதில் வைத்தான்.

"கஸ்தூரி, நான்தான்."

அவள் ரிசீவரைப் பிடித்தபடியே நாற்காலியில் இருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபோன் ஒயர் நீண்டு வந்தது. நாகவல்லி அக்கா அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு வெளியே திரும்பிச் சொல்லிவிட்டாள். வாசலில் நின்ற முகம் தெரியாத ஆறேழு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பாய் மேலே பார்த்து எதையோ முணுமுணுத்தார்.

அடிபட்டிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, முழங்கையில் கொஞ்சம் தோல் போயிருக்கிறது, அவ்வளவுதான் என்றான். சின்னப்பையனும் தன்னோடுதான் இருக்கிறார், அவருக்குப் புகையில் இருமல், மற்றபடி நலம். ஆஸ்பத்திரியில் இருக்கிற இருவரும் வியட்நாம்காரர்கள், புருஷனும் பெண்டாட்டியும். பிழைத்துக்கொள்வார்கள் என்று இன்றைக்குத்தான் டாக்டர் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க போலீஸ், ஆஸ்பத்திரி என்று போய்விட்டது. நேற்று சாயந்திரம் கூப்பிட்டான், மணி அடித்துக்கொண்டே இருந்தது. இங்கே அப்போது ராத்திரி, பாய் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

கஸ்தூரி எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். அழுகை வரவில்லை. நான்கு நாள் காய்ச்சல் ஒரு நிமிஷத்தில் வேர்த்து விட்டது போல உடம்பெல்லாம் லேசாக இருந்தது.

"எல்லாருக்கும் சொல்லிட்டேன்," என்றாள். "கடுதாசி எல்லாத்தையும் காட்டிட்டேன். மனோ படிச்சாச்சு. லோகா படிச்சாச்சு."

 அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு கேட்டது.

"நல்லதாப் போச்சு," என்றான் குணசேகரன். "இனிமே பொய் எழுத வேணாம். கேக்குன்னு எழுதினேனே, அத நான் கண்ணால பாத்ததேயில்ல."

அவள் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். மனோகரன் குனிந்து ரிசீவரை வாங்கிக்கொண்டான். அண்ணனும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. கடைசியில் மனோகரன் சொன்னது மட்டும் கேட்டது. "நான் வர்ல. நீ வா. எஸ்டேட்ல நமக்கு இல்லாத வேலையா." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை அண்ணியிடமே திரும்பக் கொடுத்துவிட்டு, லோகநாயகியைக் கூட்டிக்கொண்டு வெளியே போனான்.

பள்ளிக்கூட லிஸ்டில் உங்கள் பெயர் ஏன் இல்லை, எங்கே இருக்கிறீர்கள் என்று கஸ்தூரி கேட்டாள்.

வெர்னர் வீட்டில் என்றான். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தனியாக வந்த கடிதங்களில் நல்ல வார்த்தை வந்ததெல்லாம் அவரைப் பற்றி மட்டும்தான். மூடிப்போன தொழிற்சாலையில் முப்பது வருடம் மாஸ்டராக இருந்தவர். தன் கையால் ஓட்டிய மெஷின்களைக் கழற்றவே கூலிக்கு வருகிறவர். ஒரு நட்டைத் திறக்கும் முன்னால் அதைத் தடவிப் பார்ப்பார் என்று குணசேகரன் எழுதியிருந்தான். சனிக்கிழமை ராத்திரி தீயைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, பாய்லர் அறை வழியாக எல்லாரையும் வெளியே இழுத்து விட்டவர் அவர்தான். ஹாலில் இடம் போதாதபோது இருவரைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். அந்தத் தெருவுக்கே ஒரு ஃபோன்தான், அது அவர் வீட்டில் இருந்தது.

"மகராசனா இருக்கட்டும்," என்றாள் கஸ்தூரி.

குணசேகரன் குரலைத் தாழ்த்தினான். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் தாழ்த்தினான்.

"கஸ்தூரி, ஒண்ணு சொல்றேன், அங்க யார்கிட்டயும் சொல்லாத. பாட்டில் எறிஞ்சவன நான் பாத்தேன். ஜன்னலுக்கு நேர் கீழ, விளக்குக் கம்பத்துக்கிட்ட நின்னான். அவரோட மகன்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது காதில் ரிசீவர் சூடாக இருந்தது.

அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது என்று குணசேகரன் சொன்னான். அப்பாவைக் கூட்டிப் போக மோட்டார் சைக்கிளில் வருவானே, அந்தப் பையன். மாடி ரூமில்தான் இருக்கிறான். இன்றைக்குக் காலையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றான். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. நான் பார்த்தது அவனுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவருக்கு எதுவும் தெரியாது. நாளைக்குக் காலையில் எங்கள் ஆறு பேரையும் போலீஸ் விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறது. கம்பெனியில் இருந்து தகவல் வந்தது, எதையும் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிடைத்த விமானத்தில் ஏறு, மெஷின் வந்து சேரட்டும், வம்பு வேண்டாம் என்று. பாக்கலைன்னு சொன்னா வியாழக்கிழமையே கிளம்பிடலாம். என்ன செய்வது?

கண்ணாடிக்கு வெளியே லோகநாயகி நாகவல்லி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை. அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது கஸ்தூரிக்கு. பாக்கலைன்னு சொல்லிட்டு வந்துடுங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கிடக்கிற அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் எந்த ஊரிலோ ஒரு ஃபோனுக்கு எதிரே யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

"போலீசுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லுங்க," என்றாள். "பெத்தவரு. வேற யாரோ சொல்லித் தெரியக் கூடாது. சொல்லிட்டு, அப்புறம் போலீஸ்ல பாத்தத பாத்தேன்னு சொல்லுங்க. ஒரு வாரம் கழிச்சு வந்தாலும் பரவால்ல."

"எப்படிச் சொல்லுவேன் கஸ்தூரி? எனக்குத் தெரிஞ்சதே அம்பது வார்த்தை. தூக்கு, இறக்கு, திருகு, பாத்துப் பிடி. எல்லாம் மெஷின் வார்த்தை."

அவள் யோசித்தாள். 

"மகன்ங்கிறதுக்குத் தெரியும்," என்று அவனே சொன்னான். "நெருப்புக்கும் தெரியும்."

பின்னால் ஒரு வயதான குரல் கேட்டது. கரகரத்த, மெதுவான குரல். குணசேகரன் அதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான்.

"இன்னா கேக்கறாரு?"

"உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு."

"நீங்க?"

"ஆமான்னேன்." மறுபடியும் குரல் தாழ்ந்தது. "படியில அவன் இறங்கி வரான். சாப்பாட்டு நேரம். வெச்சிடறேன் கஸ்தூரி."

லைன் கட்டானது.

அவள் ரிசீவரை வைத்தாள். பாய் அவளைப் பார்த்தார். கதவை முழுக்கத் திறந்துவிட்டார். காத்திருந்தவர்களில் முதல் ஆள் அவளைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்த் தன் நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தார்.

அண்ணன் இந்த வாரமே வருகிறாரா என்று லோகநாயகி கேட்டாள். கொஞ்சம் தாமதமாகலாம், ஆனால் வருகிறார் என்றாள் கஸ்தூரி. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறவன் எப்போது வந்தால் என்ன என்பதுபோல எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு இருந்தது. மனோகரன் டீக்கடையில் ஒரு பொட்டலம் வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வந்து, சுடச்சுட அண்ணியின் கையில் வைத்தான். ரோட்டோரமாகவே நின்று அவள் மூன்றைச் சாப்பிட்டாள். பசி அப்போதுதான் தெரிந்தது. நாலாவதையும் எடுத்துக்கொண்டாள்.

ஜெர்மனியில், ஒரே ஒரு ஃபோன் இருந்த அந்தத் தெருவில், அதே நேரத்தில், ஒரு மேஜையைச் சுற்றி நான்கு பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெர்னர் ரொட்டியை நறுக்கி முதல் துண்டைக் குணசேகரனின் தட்டில் வைத்தார். குணசேகரன் அதைத் தொடவில்லை. எதிரே இருந்த பையனை ஒரு தடவை பார்த்தான். பிறகு அவனுடைய அப்பாவின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த முதல் வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தான்.